பைத்தான் உடன்வரும் நூலகங்களில் கோப்புப் பெயர் மோதல்

கோப்புப் பெயர் மோதல் என்பது, பயனர் எழுதிச் சேமித்த கோப்பின் பெயரும் நிரல்மொழியுடன் சேர்ந்தே வரும் நூலகக் கோப்பு ஒன்றின் பெயரும் ஒன்றாக இருப்பதால், கணினி வேண்டிய கோப்பை விட்டுவிட்டு வேறொரு கோப்பை ஏற்றிக்கொள்ளும் நிலையாகும். பைத்தான் நிரல்மொழியைப் புதிதாகக் கற்போர் அடிக்கடி சந்திக்கும் சிக்கல்களில் இதுவும் ஒன்று. நிரலில் எழுத்துப்பிழை இருக்காது. நூலகமும் சரியாகவே நிறுவப்பட்டிருக்கும். ஆனாலும் நிரல் ஓடாது. காரணம் நிரலின் வரிகளில் இல்லாமல், கோப்புக்கு இட்ட பெயரில் இருப்பதால், வரிகளை எத்தனை முறை சரிபார்த்தாலும் பிழை கண்ணில் படுவதில்லை.

இக்கட்டுரையில் கோப்புப் பெயர்களும் கட்டளைகளும் அவற்றின் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். பைத்தான் கோப்புகளின் பெயருக்குப் பின் வரும் இரண்டெழுத்துப் பின்னொட்டு இங்கே எழுதப்படவில்லை.

பின்னணி

பைத்தான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம். அதன் முதல் வெளியீடு 1991-இல் வந்தது. பைத்தான் 3 என்னும் இன்றைய வடிவம் 2008 டிசம்பரில் வெளியானது. பேட்டரியையும் உள்ளே வைத்தே விற்கப்படும் பொம்மையைப் போல, தேவையான கருவிகள் அனைத்தும் மொழியுடன் சேர்ந்தே வரவேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. நாட்காட்டி, குறிப்பில்லா எண்கள், சரங்கள், மின்னஞ்சல், தரவுத்தளம், அட்டவணைக் கோப்புகள் என ஒவ்வொன்றுக்கும் ஆயத்தமான நிரல்கூறு ஒன்று உண்டு. இவற்றின் தொகுப்பே உடன்வரும் நூலகம். இதிலுள்ள பெயர்களின் எண்ணிக்கை, மொழியின் உட்பயன்பாட்டுக்கான கூறுகளையும் சேர்த்தால், ஏறத்தாழ 300.

இந்த நிரல்கூறுகளின் பெயர்கள் மிகவும் சாதாரணமானவை. காலண்டர், ராண்டம், ஸ்டிரிங், காப்பி, கோட், டோக்கன், நம்பர்ஸ், கியூ, ஈமெயில் ஆகிய சொற்களையே ஒரு மாணவர் தம் பயிற்சிக் கோப்புக்கும் பெயராகத் தேர்ந்தெடுக்க வாய்ப்புண்டு. மோதல் இங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் பாடத்தில் 2019-20 கல்வியாண்டு முதல் பைத்தான் கற்பிக்கப்படுகிறது. சரங்களைக் கையாளுதல், சிஎஸ்வி கோப்புகள், எஸ்கியூலைட் தரவுத்தளம், பைபிளாட் வழியாக வரைபடம் வரைதல், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்குதல் ஆகியவை அதில் உள்ளன. பாடத்தின் தலைப்பையே கோப்பின் பெயராக வைப்பது மாணவர்களின் இயல்பு. சிஎஸ்வி பாடத்துக்கான பயிற்சியை 'சிஎஸ்வி' என்றும், சரங்களுக்கான பயிற்சியை 'ஸ்டிரிங்' என்றும் சேமிப்பார்கள். இவ்விரண்டும் உடன்வரும் நூலகத்தில் ஏற்கெனவே உள்ள பெயர்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளிலாயினும், மாநிலத்தின் வேறு எந்த ஊரிலாயினும், பள்ளி ஆய்வகத்தில் ஒரே கணினியைப் பல மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்தும்போது இச்சிக்கல் பெரிதாகும். எல்லாருடைய கோப்புகளும் ஒரே அடைவில் இருந்தால், ஒருவர் இட்ட பெயர் மற்றவர்களின் நிரல்களையும் நிறுத்திவிடும். செய்முறைத் தேர்வின்போது இப்படி நேர்ந்தால், சரியான நிரலை எழுதியவரும் விடையைத் திரையில் காட்ட இயலாமல் போகும்.

நிரல்கூறு தேடப்படும் வரிசை

ஒரு நிரலில் 'இம்போர்ட் சிஎஸ்வி' என்ற வரி வந்ததும், பைத்தான் அந்தப் பெயரை மட்டுமே அறியும். எந்தக் கோப்பு என்பதை அந்த வரி சொல்வதில்லை. எனவே ஒரு குறிப்பிட்ட வரிசையில் தேடுகிறது. முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடுகிறது; அதே பெயரில் வேறொன்று பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அந்த வரிசை வருமாறு:

1. ஏற்கெனவே ஏற்றப்பட்டவை. ஒருமுறை ஏற்றிய நிரல்கூறுகளை எல்லாம் 'சிஸ்.மாட்யூல்ஸ்' என்ற நினைவகப் பட்டியலில் பைத்தான் வைத்திருக்கும். பெயர் அங்கே இருந்தால் வட்டில் தேடாது.

2. மொழியின் உள்ளேயே கட்டப்பட்டவை. 'சிஸ்', 'டைம்' போன்ற சில கூறுகள் தனிக் கோப்புகளாக இல்லாமல் பைத்தான் செயலியின் பகுதியாகவே உள்ளன.

3. இயக்கப்படும் நிரல் இருக்கும் அடைவு.

4. 'பைத்தான்பாத்' என்ற சூழல் மாறியில் பயனர் குறிப்பிட்டுள்ள அடைவுகள், அப்படி ஏதேனும் இருந்தால்.

5. உடன்வரும் நூலகம் இருக்கும் அடைவு.

6. 'பிப்' கருவியால் பின்னர் நிறுவப்பட்ட வெளி நூலகங்களின் அடைவு. இதற்கு 'சைட்-பேக்கேஜஸ்' என்று பெயர்.

மூன்றாவது முதல் ஆறாவது வரையிலான அடைவுகளின் பட்டியலை 'சிஸ்.பாத்' என்ற மாறியில் காணலாம்.

பயனரின் அடைவு மூன்றாம் இடத்திலும், உடன்வரும் நூலகம் ஐந்தாம் இடத்திலும் உள்ளன. ஆகவே பெயர் ஒன்றாக இருந்தால் பயனரின் கோப்பே வெல்லும். நூலகக் கோப்பு மறைந்துவிடும். இதனால் இச்சிக்கல் பெயர் மறைப்பு என்றும் சொல்லப்படுகிறது. ஒரு வகுப்பில் ஒரே பெயருடைய இரு மாணவர்கள் இருக்கும்போது பெயரை மட்டும் சொல்லி அழைத்தால், வாசலுக்கு அருகில் இருப்பவர் எழுந்து வருவதைப் போன்றது இது.

பயனரின் அடைவு முன்னால் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பெரிய நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்து எழுதும்போது, அவை ஒன்றையொன்று எளிதில் கண்டுகொள்ள இந்த ஏற்பாடு உதவுகிறது. அந்த வசதிக்குத் தரும் விலையே பெயர் மோதல்.

நேரடி மோதல்

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே செல்லும் புறநகர் ரயில் பாதையில் அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி ஆகியவை அடுத்தடுத்த நிலையங்கள். இப்பெயர்களை ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதி, அதைப் படித்துக் காட்டும் நிரலை ஒரு மாணவர் எழுதுவதாகக் கொள்வோம். நிரலின் முதல் வரி 'இம்போர்ட் சிஎஸ்வி'. பின்னர் சிஎஸ்வி கூறின் 'ரீடர்' என்ற செயற்கூறு அழைக்கப்படுகிறது. நிரலை 'சிஎஸ்வி' என்ற பெயரிலேயே சேமித்து இயக்கினால் நிகழ்வது இது:

மாணவரின் கோப்பு முதன்மை நிரலாக ஓடத் தொடங்குகிறது. முதல் வரியில் சிஎஸ்வி என்ற கூறு கேட்கப்படுகிறது. தேடல் வரிசைப்படி மாணவரின் கோப்பே மீண்டும் கிடைக்கிறது. பைத்தான் அதை இரண்டாம் முறையாக, இம்முறை ஒரு நிரல்கூறாக, முதல் வரியிலிருந்து இயக்குகிறது. மறுபடியும் 'இம்போர்ட் சிஎஸ்வி' வருகிறது. இப்போது அந்தப் பெயர் நினைவகப் பட்டியலில் பதிவாகிவிட்டதால், பாதி ஏற்றப்பட்ட அதே கூறு திருப்பித் தரப்படுகிறது. அடுத்து 'ரீடர்' தேடப்படுகிறது. மாணவரின் கோப்பில் அப்படி ஒரு செயற்கூறு இல்லை. 'அட்ரிபியூட் எரர்' என்ற பிழைச் செய்தியுடன் நிரல் நிற்கிறது.

பைத்தான் 3.8 முதல் இச்செய்தியில், நிரல்கூறு பாதி மட்டுமே தயாராகியுள்ளது, வட்டமாக ஒன்றையொன்று அழைப்பது காரணமாக இருக்கலாம் என்ற குறிப்பும் சேர்ந்து வருகிறது. குறிப்பு உண்மையே. ஆயினும் கோப்பின் பெயரை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. 2024 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.13, இக்கோப்பின் பெயர் உடன்வரும் நூலகக் கூறின் பெயராக இருப்பதால் அதை மாற்றிப் பாருங்கள் என்று பிழைச் செய்தியிலேயே நேரடியாகக் கூறுகிறது. பழைய பதிப்புகள் உள்ள கணினிகளில் இந்த உதவி கிடைக்காது.

'மேட்பிளாட்லிப்' என்ற பெயரில் கோப்பைச் சேமித்தவர்களுக்குக் கிடைக்கும் செய்தி வேறு. 'மேட்பிளாட்லிப்.பைபிளாட்' என்ற கூறு இல்லை, மேட்பிளாட்லிப் ஒரு தொகுப்பே அல்ல என்று அது சொல்லும். இதைப் படித்தவர்கள் நூலகம் நிறுவப்படவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் நிறுவுவார்கள். நூலகம் முன்பிருந்தே சரியாக இருப்பதால் அதனால் பயன் இல்லை.

மறைமுக மோதல்

நேரடி மோதலைவிடக் கண்டறியக் கடினமானது மறைமுக மோதல். இங்கே பிழை காட்டும் நிரல் வேறு. பிழைக்குக் காரணமான கோப்பு வேறு.

ஒரு மாணவர் ஒரு சொல் முன்பின் ஒன்றாக வாசிக்கப்படுகிறதா என்று பார்க்கும் நிரலை எழுதி, 'ஸ்டிரிங்' என்ற பெயரில் சேமிக்கிறார். அது நன்றாகவே ஓடுகிறது. சில வாரங்கள் கழித்து, அதே அடைவில் வேறொருவர் வட்ட வரைபடம் வரையும் நிரலை எழுதிக் கட்டளைத் திரையிலிருந்து இயக்குகிறார். வரைபடம் வரவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு சொல்லைத் தட்டச்சு செய்யுமாறு திரையில் கேள்வி வருகிறது. விடை தந்தால் அச்சொல் முன்பின் ஒன்றா இல்லையா என்று அறிவித்துவிட்டு, பிழைச் செய்தியுடன் நிரல் நிற்கிறது.

இதில் மாயம் ஏதுமில்லை. வரைபட நிரல் மேட்பிளாட்லிப் நூலகத்தை அழைக்கிறது. மேட்பிளாட்லிப் தன் வேலைக்காக 'லாகிங்' என்ற உடன்வரும் கூறை அழைக்கிறது. லாகிங் தன் பங்குக்கு 'ஸ்டிரிங்' கூறிலுள்ள 'டெம்ப்ளேட்' என்பதைக் கேட்கிறது. தேடல் வரிசைப்படி முதலில் கிடைப்பது முதல் மாணவரின் கோப்பு. ஒரு கோப்பை இறக்குமதி செய்வது என்றால் அதிலுள்ள வரிகளை இயக்குவது என்று பொருள். ஆகவே அதிலுள்ள கேள்வி திரைக்கு வருகிறது. கேள்வி பதில் முடிந்தபின் 'டெம்ப்ளேட்' அங்கே இல்லை என்பது தெரிகிறது, பிழை எழுகிறது.

வரைபட நிரலில் 'ஸ்டிரிங்' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த நிரலை எழுதியவர் தம் வரிகளை எவ்வளவு ஆராய்ந்தாலும் விடை கிடைக்காது.

ஒரு கணினியில் ஓடி மற்றொன்றில் ஓடாதது ஏன்?

மோதல் எல்லாப் பெயர்களுக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே மாதிரி நிகழ்வதில்லை. இதற்கான காரணங்களை மேலே கண்ட தேடல் வரிசையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

'டைம்' என்ற பெயரில் கோப்பைச் சேமித்தாலும் நூலகக் கூறு மறையாது. அது மொழியின் உள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் முதலில் கிடைத்துவிடும். ஆனால் மாணவர் தம் கோப்பிலுள்ள செயற்கூறுகளை வேறொரு நிரலிலிருந்து அழைக்க முயன்றால், அவை கிடைக்காது. இது தலைகீழான மோதல்.

'மேத்' கூறு விண்டோஸில் உள்ளேயே கட்டப்பட்டது. லினக்ஸின் சில நிறுவல்களில் அது தனிக் கோப்பாக உள்ளது. ஆகவே 'மேத்' என்று பெயரிட்ட கோப்பு ஒரு கணினியில் தொல்லை தராமலும் மற்றொன்றில் தொல்லை தந்தும் இருக்கலாம்.

'ஓஎஸ்' கூறு, பைத்தான் தொடங்கும்போதே ஏற்றப்பட்டு நினைவகப் பட்டியலில் இடம்பெற்றுவிடும். எனவே அதே பெயருடைய பயனர் கோப்பு வழக்கமாக அதை மறைப்பதில்லை.

ஐடில் எனப்படும் பைத்தானின் எழுதுதளம் தன் சொந்தத் தேவைக்காகப் பல நூலகக் கூறுகளை முன்கூட்டியே ஏற்றி வைத்திருக்கும். அதனால் கட்டளைத் திரையில் வெளிப்படும் மோதல் ஐடிலில் மறைந்திருக்கலாம். இதற்கு எதிரானதும் நடக்கும். 'ராண்டம்', 'டிகிண்டர்' போன்ற பெயருடைய பயனர் கோப்புகளால் ஐடில் தொடங்கவே முடியாமல் போகலாம் என்று பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணமே எச்சரிக்கிறது.

எழுத்தின் பெரிய, சிறிய வடிவங்களும் கணக்கில் வரும். விண்டோஸ் கோப்புப் பெயர்களில் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பைத்தான் விண்டோஸிலும் இறக்குமதியின்போது அதைப் பார்க்கும். எனவே முழுவதும் பெரிய எழுத்தில் பெயரிட்ட சிஎஸ்வி கோப்பு நூலகத்தை மறைக்காது. இதை ஒரு தீர்வாகக் கொள்ளலாகாது, குழப்பமே மிஞ்சும்.

தரவுக் கோப்புகளை வைக்க 'சிஎஸ்வி' என்ற பெயரில் ஓர் உள் அடைவு இருந்தால் பாதிப்பில்லை. தொடக்கக் கோப்பு இல்லாத வெறும் அடைவை, வேறெங்கும் அந்தப் பெயர் கிடைக்காதபோது மட்டுமே பைத்தான் ஏற்கும்.

கண்டறியும் முறை

பிழையைக் கண்டறிய ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடினால் போதும்: பைத்தான் எந்தக் கோப்பை ஏற்றியது?

முதலாவதாக, பிழைச் செய்தியைக் கடைசி வரியோடு நிறுத்தாமல் முழுவதும் படிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு படியிலும் எந்தக் கோப்பு இயங்கியது என்று முழு முகவரியுடன் தரப்பட்டிருக்கும். நூலகக் கோப்புகளின் முகவரிகளுக்கு நடுவே பயனரின் சொந்த அடைவு திடீரென்று தென்பட்டால், அக்கோப்பே காரணம். நேரடி மோதலில் ஒரே கோப்பின் பெயர் இரண்டு முறை வந்திருக்கும்.

இரண்டாவதாக, ஏற்றப்பட்ட கூறின் முகவரியைக் கேட்கலாம். ஒவ்வொரு கோப்பு வழிக் கூறுக்கும் 'ஃபைல்' என்ற பண்பு உண்டு. அச்சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இட வேண்டும். சிஎஸ்வியை இறக்குமதி செய்து அதன் 'ஃபைல்' பண்பை அச்சிட்டால், நூலக அடைவின் முகவரி வரவேண்டும். சொந்த அடைவின் முகவரி வந்தால் மோதல் உறுதி. உள்ளேயே கட்டப்பட்ட கூறுகளுக்கு இப்பண்பு இராது.

மூன்றாவதாக, இறக்குமதி செய்யும்போதே நிரல் நின்றுவிடுமானால், 'இம்போர்ட்லிப்.யூட்டில்' கூறிலுள்ள 'ஃபைண்ட்_ஸ்பெக்' என்ற செயற்கூறைப் பயன்படுத்தலாம். இது கோப்பை இயக்காமலேயே அது எங்கே கிடைக்கிறது என்பதை மட்டும் சொல்லும்.

நான்காவதாக, சிக்கல் உள்ள நிரலை வேறொரு வெற்று அடைவுக்கு நகலெடுத்து, வேறு பெயரில் இயக்கிப் பார்க்கலாம். அங்கே ஓடினால், பழைய அடைவிலுள்ள ஏதோ ஒரு கோப்பே காரணம். கணினியைப் பற்றி அதிகம் அறியாதவர்களும் செய்யக்கூடிய எளிய சோதனை இது. தேர்வுக் கூடத்திலும் சில நிமிடங்களில் செய்துவிடலாம்.

தீர்க்கும் முறை

தீர்வு மிகவும் எளிது. மோதும் கோப்பின் பெயரை மாற்ற வேண்டும். அதன்பின் கவனிக்க வேண்டியவை:

1. திறந்திருக்கும் பைத்தான் திரையை மூடிவிட்டு மீண்டும் திறக்க வேண்டும். பழைய கூறு நினைவகப் பட்டியலில் இருக்கும் வரை, பெயரை மாற்றியும் பயன் தெரியாது.

2. பழைய பெயரைச் சொல்லி அந்தக் கோப்பை அழைக்கும் வேறு நிரல்கள் இருந்தால், அவற்றிலும் பெயரை மாற்ற வேண்டும்.

3. மாற்றிய கோப்பு மற்றொரு மாணவருடையதாக இருந்தால் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அழித்துவிடக் கூடாது.

'பைகேஷ்' அடைவை அழிக்க வேண்டும் என்ற அறிவுரை பலரால் சொல்லப்படுகிறது. பைத்தான் 2-இல் மொழிபெயர்க்கப்பட்ட கோப்பு, மூலக் கோப்புக்குப் பக்கத்திலேயே சேமிக்கப்பட்டது. மூலத்தின் பெயரை மாற்றினாலும் அது அங்கேயே இருந்து மோதலைத் தொடரச் செய்தது. அக்காலத்தில் அந்த அறிவுரை தேவையாக இருந்தது. இன்றைய பைத்தான் 3-இல், மூலக் கோப்பு இல்லையென்றால் பைகேஷ் அடைவிலுள்ளது கண்டுகொள்ளப்படாது. அழிப்பதால் தீங்கும் இல்லை.

செய்யக் கூடாதவையும் உண்டு. பைத்தானை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதால் பயனில்லை. பயனரின் அடைவு அப்படியே இருக்கும். நூலக அடைவிலுள்ள கோப்புகளின் பெயரை மாற்றினால் மற்ற எல்லா நிரல்களும் பாதிக்கப்படும். 'சிஸ்.பாத்' பட்டியலின் கடைசியில் நூலக முகவரியைச் சேர்ப்பதாலும் வரிசை மாறாது. பட்டியலின் தொடக்கத்தில் சேர்த்தால் வேறு மோதல்களுக்கு வழி திறக்கும்.

பெயரை மாற்ற இயலாத பெரிய திட்டங்களில், சொந்தக் கோப்புகளைத் தனிப்பெயருள்ள ஒரு தொகுப்புக்குள் வைப்பது நல்லது. 'ஆவடி' என்ற தொகுப்புக்குள் 'சிஎஸ்வி' என்ற கோப்பு இருந்தால், அதன் முழுப்பெயர் 'ஆவடி.சிஎஸ்வி' என்றாகிவிடும், நூலகத்தின் சிஎஸ்வியோடு மோதாது. ஆனால் தொகுப்பின் உள்ளே இருக்கும் கோப்பை நேரடியாக இயக்கினால், அந்த உள் அடைவே தேடல் வரிசையின் முன்னால் வந்து மோதல் திரும்பிவிடும். தொகுப்புக்கு வெளியிலிருந்து, 'எம்' என்ற விருப்பக் குறியுடன் முழுப்பெயரைச் சொல்லி இயக்குவதே முறை.

பாதுகாப்பு

பெயர் மோதல் தற்செயலாக மட்டும் நிகழ்வதில்லை. பலர் பயன்படுத்தும் அடைவில் அல்லது இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகள் குவியும் அடைவில், நூலகக் கூறின் பெயருடன் தீங்கான கோப்பு ஒன்றை யாரேனும் இட்டுவைக்க முடியும். அந்த அடைவிலிருந்து வேறு நிரலை இயக்குபவர், தாம் அறியாமலே அக்கோப்பையும் இயக்கிவிடுவார். தட்டச்சுக் கடையிலோ பொது ஆய்வகத்திலோ முக்கியமான வேலையைச் செய்பவர்கள் தனி அடைவு ஒன்றை உருவாக்கிக்கொள்வது இதனாலும் நல்லது.

இதைத் தடுக்கப் பைத்தானில் வழிகள் உள்ளன. 3.4 பதிப்பு முதல், பெரிய எழுத்து 'ஐ' என்ற விருப்பக் குறியுடன் இயக்கினால், பயனரின் அடைவும் சூழல் மாறிகளும் ஒதுக்கப்படும். 3.11 பதிப்பில் பெரிய எழுத்து 'பி' என்ற விருப்பக் குறி சேர்க்கப்பட்டது. இது நிரலின் அடைவைத் தேடல் வரிசையில் சேர்க்காமல் விடும். இவற்றைப் பயன்படுத்தும்போது, அதே அடைவிலுள்ள சொந்தத் துணைக் கோப்புகளும் கிடைக்காமல் போகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெளி நூலகங்களுக்கு இடையிலான மோதல்

பிப் வழியாக நிறுவப்படும் நூலகங்கள் தேடல் வரிசையின் கடைசியில் இருப்பதால், அவை பொதுவாக உடன்வரும் நூலகத்தை மறைப்பதில்லை. ஆனால் அவை தமக்குள் மோதிக்கொள்ளலாம். நிறுவும்போது தரும் பெயரும் இறக்குமதியின்போது எழுதும் பெயரும் வேறாக இருக்கலாம் என்பதே காரணம்.

தமிழ்க் கணிமையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஓப்பன்-தமிழ் நூலகம். பைத்தானில் எழுதப்பட்ட 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையின் முயற்சியில் தொடங்கி, தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்ட இந்நூலகம், தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்தல் முதலிய பணிகளுக்குப் பயன்படுகிறது. நிறுவும்போது இதன் பெயர் 'ஓப்பன்-தமிழ்'. நிரலில் இறக்குமதி செய்யும் பெயர் 'தமிழ்'. எழுத்துப்பெயர்ப்புக்காக 'டிரான்ஸ்லிட்டரேட்' என்ற கூறும் இதனுடன் வருகிறது. அதே 'டிரான்ஸ்லிட்டரேட்' பெயரில் பிற மொழிகளுக்கான வேறொரு நூலகமும் பைத்தான் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியத்தில் உள்ளது. இரண்டையும் ஒரே இடத்தில் நிறுவினால் ஒன்றின் கோப்புகள் மற்றொன்றின் அடைவில் கலந்துவிடும். பிப் இதை எச்சரிப்பதில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் தனி மெய்நிகர்ச் சூழலை உருவாக்குவதே இதற்கான தீர்வு. அதற்கான 'வென்வ்' என்ற கூறு 3.3 பதிப்பு முதல் பைத்தானுடனே வருகிறது.

தமிழில் பெயரிடுதல்

பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் நிரல்கூறுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம். உடன்வரும் நூலகத்தின் பெயர்கள் அனைத்தும் ஆங்கில எழுத்தில் இருப்பதால், 'நிலையங்கள்' என்றோ 'மதிப்பெண்பட்டியல்' என்றோ தமிழில் பெயரிட்ட கோப்பு அவற்றோடு ஒருபோதும் மோதாது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 'கொ' என்ற எழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். இறக்குமதி வரியிலுள்ள பெயரைப் பைத்தான் ஒற்றைக் குறி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஆனால் விண்டோஸிலும் லினக்ஸிலும் வட்டிலுள்ள கோப்பின் பெயர் தட்டச்சு செய்தபடியே இருக்கும். கோப்பின் பெயர் இரண்டு குறிகளாக அமைந்திருந்தால், கண்ணெதிரே இருக்கும் கோப்பும் கிடைக்காது. வழக்கமான தமிழ் விசைப்பலகைகள் ஒற்றைக் குறியையே இடுகின்றன. வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது எச்சரிக்கை தேவை.

பிற நிரல்மொழிகளில்

மேல்நிலை முதலாம் ஆண்டில் சி++ கற்ற மாணவர்களுக்கு இதன் ஒப்பீடு எளிதில் விளங்கும். சி++ மொழியில் தலைப்புக் கோப்பின் பெயரைக் கோண அடைப்புக்குள் எழுதினால் மொழியுடன் வரும் நூலக அடைவுகளில் தேடப்படும். இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் முதலில் நிரலின் சொந்த அடைவில் தேடப்படும். எங்கே தேட வேண்டும் என்பதை எழுதுபவரே அந்த வரியில் சொல்லிவிடுகிறார். ரூபி மொழியில் நூலகத்தை அழைக்க ஒரு கட்டளையும், பக்கத்திலுள்ள கோப்பை அழைக்க வேறொரு கட்டளையும் உள்ளன. நோட் சூழலில் மொழியின் உள் கூறுகளுக்கே எப்போதும் முன்னுரிமை. பைத்தானின் 'இம்போர்ட்' வரியில் இந்த வேறுபாடு இல்லை. ஆகவே பொறுப்பு, பெயரிடுபவரைச் சேர்கிறது.

பெயரிடும் பழக்கம்

மோதலைத் தவிர்க்க மாணவர்கள் பின்பற்றத்தக்கவை:

1. கோப்பின் பெயர் பாடத்தின் தலைப்பாக இல்லாமல், நிரல் செய்யும் வேலையைச் சொல்வதாக இருக்கட்டும். 'சிஎஸ்வி' என்பதை விட 'நிலையங்கள் படித்தல்' என்ற பொருள்படும் பெயர், நாள்கள் கழித்துத் தேடும்போதும் உதவும். சொற்களுக்கிடையே இடைவெளி விடாமல் அடிக்கோடு இட வேண்டும்.

2. நிரலின் உள்ளே இறக்குமதி செய்யப்படும் எந்தக் கூறின் பெயரையும் அந்தக் கோப்புக்கு இடக் கூடாது.

3. ஐயம் எழுந்தால், சேமிக்கும் முன் ஒரு வெற்று அடைவில் பைத்தானைத் திறந்து அந்தப் பெயரை இறக்குமதி செய்து பார்க்கலாம். பிழை வந்தால் அப்பெயர் யாருக்கும் உரியதல்ல. 3.10 பதிப்பு முதல், 'சிஸ்' கூறிலுள்ள 'எஸ்டிடிலிப்_மாட்யூல்_நேம்ஸ்' என்ற பட்டியலிலும் தேடிப் பார்க்கலாம்.

4. இன்று தனியாக இருக்கும் பெயர் நாளை நூலகத்தில் சேரக்கூடும். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' 3.4 பதிப்பிலும், 'சீக்ரெட்ஸ்' 3.6 பதிப்பிலும் புதிதாக வந்தவை. ஒற்றைப் பொதுச் சொல்லைத் தவிர்ப்பது நெடுங்காலத்துக்கும் பாதுகாப்பு.

5. பொது ஆய்வகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி அடைவு இருக்க வேண்டும். இடமில்லையென்றால், கோப்பின் பெயருக்கு முன்னால் எழுத்தில் தொடங்கும் ஒரு குறியீட்டுடன் வருகை எண்ணைச் சேர்க்கலாம். எண்ணில் தொடங்கும் பெயருடைய கோப்பை 'இம்போர்ட்' வரியால் அழைக்க இயலாது.

6. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள், தேர்வுக் கணினிகளின் அடைவுகளில் நூலகப் பெயர் கொண்ட பழைய கோப்புகள் ஏதேனும் உள்ளனவா என்று ஆய்வகப் பொறுப்பாளர் பார்த்து வைப்பது நல்லது.